முட்டையாகிப்போன சூரியன்: உள்ளே வைத்த பொருளுக்குக் கைப்பிடி அமைத்த அனுபவம்

திருப்பூர் பெருமாநல்லூர் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. அதன் சாம்பிள் ரூமில், ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அக்கா ஒரு குழந்தை டி-ஷர்ட்டை மேஜையில் விரித்துப் போட்டார். நெஞ்சில் சிரிக்கிற சூரியன். ஆனால் அது வட்டமாக இல்லை. முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி மேலும் கீழும் நீண்டிருந்தது. இன்ச் டேப்பை வைத்துக் காட்டினார். அகலம் 22 செ.மீ., உயரம் 24. இரண்டுமே 22 இருந்திருக்க வேண்டும்.

"நான் அந்தப் படத்தைத் தொடவே இல்லீங்க தம்பி. கீழ இருக்கற டேபிள்லதானுங்க டைப் பண்ணிட்டு இருந்தேன்" என்றார்.

அந்தப் படமும் டேபிளும் இருந்தது நாங்கள் எழுதிய மென்பொருளில். கோவை சரவணம்பட்டியில் நாங்கள் ஐந்து பேர். ஏற்றுமதி கம்பெனிகளுக்கான டெக் பேக் எடிட்டர் செய்கிறோம். ஒரு உடுப்பைத் தைக்கத் தேவையான எல்லாம் அதில் ஒரே ஆவணத்தில் இருக்கும்: உடுப்பின் கோட்டுப்படம், பிரிண்ட் ஆர்ட்வொர்க், அளவு அட்டவணை, துணியின் போட்டோ, தையல் குறிப்பு. ஒவ்வொன்றும் பக்கத்துக்குள் வைத்த தனிப் பொருள். ஒன்றைக் கிளிக் செய்தால் சுற்றிலும் எட்டுப் புள்ளி வரும், புள்ளியை இழுத்தால் அளவு மாறும். இந்தப் புள்ளிகளைத்தான் கைப்பிடி என்கிறோம். உலகத்தில் எல்லா எடிட்டரும் இப்படித்தானே என்று நினைத்து, அந்த எட்டுப் புள்ளியை நாங்கள் ஒரே நாளில் எழுதி முடித்திருந்தோம்.

அந்த ஒரு நாள் வேலைக்கான விலையை அக்காவின் கம்பெனி கொடுத்தது. சூரியனில் நான்கு கலர். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது பிரிண்ட் அடிக்கும் வலைச்சட்டம். பிலிம் எடுத்து, நான்கு ஸ்கிரீன் போட்டு, துண்டில் பிரிண்ட் அடித்து, தைத்து, அயர்ன் செய்து வந்த பிறகுதான் தப்பு கண்ணில் பட்டது. பிரிண்டிங் யூனிட்டில் யாரும் தவறு செய்யவில்லை. எங்கள் பிடிஎஃப்-இல் 22 × 24 என்று எழுதியிருந்தது, அவர்கள் அந்தக் கணக்குக்குப் பிலிம் எடுத்தார்கள். குழந்தை உடுப்பில் ஒரே ஸ்கிரீனையே அடுத்தடுத்த இரண்டு மூன்று சைஸுக்கு ஓட்டுவது உண்டு. அதனால் ஒரு இடத்தில் விட்ட தப்பு பல சைஸுக்குப் போயிருக்கும். சாம்பிளிலேயே பிடிபட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் செய்த தவறான வைத்தியம்

கோவைக்குத் திரும்பியதும், புள்ளி சின்னதாக இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று முடிவு கட்டினோம். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. எங்கள் புள்ளி 8 பிக்சல் சதுரம். 15.6 அங்குல முழு எச்டி லேப்டாப்பில் ஒரு அங்குலத்துக்கு சுமார் 141 பிக்சல் வரும். அப்படியானால் 8 பிக்சல் என்பது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு ராகி மணி அளவு. ராகி மணியை மவுஸால் பிடிக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள்.

இதற்குப் பழைய ஆதாரமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வெளியிட்ட ஆய்வு, கை ஒரு குறியை அடைய ஆகும் நேரத்தைக் கணக்காகச் சொல்கிறது: தூரம் கூடினாலும் நேரம் கூடும், குறி சிறுத்தாலும் கூடும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2, 2023-இல் வந்தது. கிளிக் செய்யும் பரப்பு குறைந்தது 24 × 24 பிக்சலாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் அதற்கு ஈடான இடைவெளி வேண்டும் என்கிறது அது. கண்ணுக்குத் தெரியும் புள்ளியும் கைக்குச் சிக்கும் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும் புதிய சங்கதி இல்லை. 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேடிலேயே, ஒளிப்பேனா ஒரு கோட்டுக்கு அருகில் வந்தால் போதும், அந்தக் கோட்டின் மேல் வைத்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும்.

எனவே புள்ளியை 10 பிக்சல் ஆக்கினோம். அதைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத 24 பிக்சல் பிடிபரப்பு வைத்தோம். ஆபீஸில் சோதித்தபோது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. பெருமையோடு அனுப்பினோம்.

இரண்டாவது வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "இப்ப முன்னைக்கு மோசமுங்க."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நாள்

இந்த முறை ஒரு நாள் முழுக்க அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்கவில்லை, வேலையைப் பார்த்தேன். பதினோரு மணி வாக்கில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வேறு எதையும்விட இதுதான் எனக்கு வழி காட்டியது.

பிரிண்ட் ஷீட்டைத் திறந்தார். மேலே ஆர்ட்வொர்க், அதற்கு ஒட்டினாற்போல் கீழே பிரிண்ட் விவர அட்டவணை. பக்கம் முழுவதும் திரையில் தெரிய வேண்டும் என்பதற்காக 45 சதவீதத்துக்குச் சுருக்கி வைத்திருந்தார். அவருக்கு எப்போதும் முழுப் பக்கமும் தெரிய வேண்டும். பையர் (ஆர்டர் கொடுத்தவர்) அனுப்பிய புதிய ஆர்ட்வொர்க்கைப் பழையதன் இடத்தில் மாற்றினார். மாற்றியதும் அந்தப் படம் தேர்வாகி, எட்டுப் புள்ளியோடு நின்றது. அடுத்து அட்டவணையின் முதல் இரண்டு வரிசையைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க, முதல் வரிசையில் அழுத்தி மவுஸைக் கீழே இழுத்தார்.

அட்டவணை லேசாகத் துள்ளியது. வரிசை தேர்வாகவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இடது ஓரத்தில் மறுபடி அழுத்தி இழுத்தார், இந்த முறை தேர்வானது. வேலையைத் தொடர்ந்தார்.

"அக்கா, இப்ப டேபிள் ஒரு துள்ளு துள்ளுச்சே?"

"அது எப்பவுமே அப்படித்தானுங்களே. நானும் கண்டுக்கறதில்ல."

படத்தின் கீழ்ப்பக்க நடுப்புள்ளி அட்டவணையின் முதல் வரிசைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அழுத்தியது கட்டத்தை. பிடிபட்டது அந்தப் புள்ளி. படம் கீழ்நோக்கி நீண்டது, ஆவணத்தில் அதற்குக் கீழே இருந்த அட்டவணையும் அந்த அளவுக்குக் கீழே இறங்கியது. அந்தத் துள்ளல் இதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்ட்வொர்க் பக்கத்தில் பாதி அளவில் இருக்கிறது. நிஜத்தில் 2 செ.மீ. என்றால் பக்கத்தில் 1 செ.மீ., அது முழு அளவில் சுமார் 38 பிக்சல், 45 சதவீதத்தில் 17 பிக்சல். ஒரு வரிசை திரையில் 10 பிக்சல் உயரம். ஆக, இரண்டு வரிசையைத் தேர்ந்தெடுக்க மவுஸ் நகரும் தூரமும், 22 செ.மீ. சூரியனை 24 ஆக்கும் தூரமும் ஒன்றேதான்.

ஆவணம் சுருங்கும்போது வரிசை சுருங்கும், படம் சுருங்கும். கைப்பிடி மட்டும் சுருங்காது, ஏனென்றால் அது பக்கத்தில் இல்லை, திரையில் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும், இல்லையென்றால் சுருக்கிய பார்வையில் புள்ளியே தெரியாது. ஆனால் அதன் விளைவை நாங்கள் யோசிக்கவில்லை. 8 பிக்சல் புள்ளி முதல் வரிசைக்குள் 4 பிக்சல் நுழைந்திருந்தது. எங்கள் 24 பிக்சல் பிடிபரப்பு 12 பிக்சல் நுழைந்து, அந்த வரிசையின் நடுப்பகுதியை முழுசாக விழுங்கிவிட்டது. அக்கா மோசம் என்று சொன்னது இதைத்தான். கைப்பிடிகள் எல்லாப் பொருளுக்கும் மேலே நிற்கும், முதலில் அவற்றுக்குத்தான் கிளிக் போகும் என்ற வழக்கமான விதியை நாங்கள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைவிட அடியில் இருக்கும் ஒரு கேள்வி உறுத்தியது. சரி, தவறான இடத்தில் பிடித்துவிட்டார். பிடித்தாலும், அந்தச் சூரியனை ஒரு பக்கமாக மட்டும் நீட்ட எதற்கு ஒரு கைப்பிடி? பையர் கொடுத்த ஆர்ட்வொர்க்கை நீட்டி நசுக்கும் உரிமை திருப்பூரில் யாருக்கும் கிடையாது. பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், அவ்வளவுதான். யாருக்கும் வேண்டாத ஒரு வேலைக்கு ஒரு பிடியை வைத்து, அதை நட்டநடுவில் நிறுத்தியிருந்தோம்.

காது எங்கே இருக்கிறது என்பதே செய்தி

அவிநாசி சாலையில் வரும்போது அனுப்பர்பாளையம் தாண்டித்தான் வர வேண்டும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கும். பாத்திரத்தின் கைப்பிடியை நாம் காது என்போம். அண்டாவுக்கு எதிரெதிரே இரண்டு காது: இரண்டு ஆள் தூக்க வேண்டும் என்று அர்த்தம். வாளிக்கு மேலே வளைந்த ஒரே பிடி: ஒரு கை போதும், தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். குடத்துக்குக் காதே இல்லை: கழுத்தைப் பிடி, இடுப்பில் வை. யாரும் சொல்லித் தருவதில்லை. காது இருக்கும் இடமே எப்படித் தூக்குவது என்று சொல்லிவிடுகிறது. எல்லாப் பாத்திரத்துக்கும் எட்டுக் காது வைக்கிற ஆசாரி கிடையாது.

மறுநாள் ஆபீஸில் போர்டில் எழுதினோம்: எங்கள் ஆவணத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றையும் இழுத்தால் உண்மையில் என்ன மாறுகிறது? எழுத எழுத முகம் வெளிறியது. ஆர்ட்வொர்க்கை இழுத்தால் நிஜ பிரிண்டின் செ.மீ. மாறுகிறது. துணி போட்டோவை இழுத்தால் பக்கத்தில் அது தெரியும் அளவு மட்டும் மாறுகிறது, துணிக்கு ஒன்றும் ஆவதில்லை. அட்டவணையை இழுத்தால் எழுத்தும் சேர்ந்து சுருங்குகிறது. தையல் குறிப்புப் பெட்டியை இழுத்தால் எழுத்து அப்படியே இருந்து வரி மட்டும் மடிகிறது. கோட்டுப்படத்தை இழுத்தால் அதன் விகிதத்தை நம்பி மேலே வைத்த ஆர்ட்வொர்க்கின் கணக்கு எல்லாம் குழம்புகிறது. ஐந்து பொருள், ஐந்து விதமான மாற்றம், வெளியே தெரிவது ஒரே எட்டுப் புள்ளி. புள்ளியின் அளவைப் பற்றி நாங்கள் இரண்டு மாதம் பேசியதெல்லாம் மேல்பூச்சு.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி: இழுத்தால் என்ன மாறும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்தில் காது வைக்கக் கூடாது.

திருத்தி அமைத்தது

ஆர்ட்வொர்க்குக்கு நான்கு மூலையில் மட்டும் வட்டப் புள்ளி. பக்கப் புள்ளிகள் போயின. விகிதம் பூட்டியது, ஷிஃப்ட் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பூட்டியதுதான். இதில் குழுவுக்குள் வாக்குவாதம் வந்தது. 2018 அக்டோபரில் வந்த ஃபோட்டோஷாப் பதிப்பு, ஷிஃப்ட் இல்லாமல் இழுத்தாலே விகிதம் காக்கும்படி பழைய வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. பல வருடப் பழக்கமுள்ள கைகள் தடுமாறின, பழைய முறைக்குத் திரும்ப ஒரு விருப்பத்தேர்வும் பிறகு வந்தது. கை பழகிய இடத்தில் கை வைக்காதே என்பது அதிலிருந்து எடுக்கும் ஒரு பாடம். எங்கள் குழுவில் ஒருவர் அதையே சொன்னார். என் பதில்: அங்கே நீட்டுவதும் ஒரு வேலை, அதற்கு வழி வேண்டும். இங்கே அது வேலையே இல்லை, விபத்து மட்டும்தான்.

துணி போட்டோவுக்கு மூலையில் வட்டப் புள்ளி, நான்கு பக்கத்திலும் சிறிய தடித்த கோடு. வட்டம் என்றால் முழுசாகப் பெரிதாகும், சிறிதாகும். கோடு என்றால் ஓரம் மட்டும் நகரும், அதாவது வெட்டும். தையல் குறிப்புப் பெட்டிக்கு இடது வலது கோடு மட்டும். அதன் உயரத்தை எழுத்தே தீர்மானிக்கும், மேல் கீழ் பிடி அங்கே பொய். தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம், "கழுத்துப்பட்டி", "இரட்டைத்தையல்" மாதிரி நீளச் சொல் குறுகிய பெட்டியில் ஏடாகூடமாக உடையும். அதனால் பெட்டியின் அகலம் அதிலுள்ள மிக நீளமான சொல்லுக்குக் கீழே போகாதபடி தடுத்தோம்.

கோட்டுப்படத்துக்குக் காதே வைக்கவில்லை. அதன் விகிதம் எண்ணாகத்தான் மாறும். ஆனால் காது இல்லாததைப் பார்த்து, தேர்வாகவே இல்லை என்று நினைத்து மறுபடி மறுபடி கிளிக் செய்தார்கள். மெல்லிய கோட்டுச் சட்டமும் மூலையில் ஒரு சின்னப் பூட்டும் வைத்த பிறகு அது நின்றது. தேர்வானது என்று சொல்வதும் இழுக்கலாம் என்று சொல்வதும் இரண்டு தனிச் செய்தி. எட்டுப் புள்ளி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக்கிவிட்டது.

அட்டவணைதான் அதிக நாள் எடுத்தது. அதற்கு வெளியும் உண்டு, உள்ளும் உண்டு. வெளியே நின்று நகர்த்தலாம், உள்ளே போய் எழுதலாம். இந்தச் சிக்கலுக்கு 1990-களின் தொடக்கத்திலேயே நிறைய யோசித்திருக்கிறார்கள். ஒரு ஆவணத்துக்குள் இன்னொரு மென்பொருளின் பொருளை வைக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஓஎல்இ முதல் பதிப்பு 1990-இல் வந்தபோது, கடிதத்துக்குள் வைத்த அட்டவணையை டபுள் கிளிக் செய்தால் அது வேறு ஜன்னலில் திறக்கும். 1993-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இருந்த இடத்திலேயே திருத்தலாம். அப்போது அதன் சட்டம் சாய்கோடு போட்ட கரையாக மாறும். சும்மா தேர்வான பொருளுக்குப் புள்ளி, உள்ளே இறங்கிய பொருளுக்குச் சாய்கோட்டுக் கரை. முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த வேறுபாட்டை நாங்கள் விட்டுவிட்டோம். எங்கள் அட்டவணைக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அதே நீலக்கோடு, அதே எட்டுப் புள்ளி.

இப்போது உள்ளே இறங்கினால் புள்ளிகள் எல்லாம் மறையும், சேலைக் கரை மாதிரி சாய்கோட்டுச் சட்டம் வரும், மற்ற பொருள்கள் கொஞ்சம் வெளுக்கும், வேறு எந்தப் பொருளின் கைப்பிடியும் தெரியாது. எஸ்கேப் அழுத்தினால் ஒரு படி வெளியே. உள்ளே இறங்க டபுள் கிளிக் கேட்கவும் இல்லை. அட்டவணையில் நாள் முழுக்க எழுதுகிறவரிடம் ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டச் சொல்லக் கூடாது. முதல் கிளிக்கே கட்டத்துக்குள் போகும். முழு அட்டவணையையும் பிடிக்க வேண்டுமானால் அதன் இடது மேல் மூலையில் ஒரு சின்னக் காது இருக்கிறது, அதைத் தொட வேண்டும். எழுத்தைச் சுருக்கும் இழுப்பை எடுத்துவிட்டோம். பக்க அகலத்துக்குப் பொருத்து என்ற தனிக் கட்டளை அந்த வேலையைச் செய்கிறது.

பிடிபரப்பு 24 பிக்சலாகவே இருக்கிறது, ஆனால் வளரும் திசை மாறியது. பக்கத்தில் வேறு பொருள் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் நுழையாமல் தன் பொருளுக்குள்ளேயே வளரும். பொருள் சின்னதாக இருந்தால், திரையில் 48 பிக்சலுக்குக் கீழே வந்ததும் பக்கக் கோடுகள் மறையும். 24-க்கும் கீழே போனால் வலது கீழ் மூலையில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் பொருளுக்கு வெளியே தள்ளி நிற்கும். வாஷ் கேர் லேபிள் படம் மாதிரிச் சின்னப் பொருளை நகர்த்தப் போனால் முன்பு புள்ளிதான் அகப்படும், பொருளே அகப்படாது. அழுத்தியபின் 4 பிக்சல் நகர்ந்தால்தான் இழுப்பு என்று எடுத்துக்கொள்கிறோம், அதற்குள் இருந்தால் வெறும் கிளிக். இழுக்கும்போதே எஸ்கேப் அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். முழு இழுப்பும் ஒரே அன்டூ. சாய்த்து வைத்த பொருளில் கர்சர் அம்பும் அதே கோணத்துக்கு அருகில் சாயும். டேப்லெட்டில் விரல் புள்ளியையே மறைத்துவிடுவதால் அளவைக் காட்டும் சீட்டு விரலுக்கு மேலே எழும்பி நிற்கும்.

நெஞ்சு நடு

உடுப்பை வெட்டுவதற்கான அளவு வடிவம் போடும் பேட்டர்ன் மாஸ்டர் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது. புதிய கைப்பிடிகளை அவரிடம் காட்டினேன். கோட்டுப்படத்தின் மேல் வைத்த ஆர்ட்வொர்க்கை வலது கீழ் மூலையில் பிடித்துப் பெரிதாக்கினார். விகிதம் காத்தது, செ.மீ. சரியாகக் காட்டியது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சென்டர் நவுந்துருச்சே தம்பி."

இழுக்கும் மூலைக்கு எதிர் மூலை அசையாமல் நிற்கும் என்பது பெரும்பாலான எடிட்டர்களில் உள்ள விதி. ஆனால் டி-ஷர்ட்டில் நெஞ்சுப் பிரிண்ட்டுக்கு இரண்டு கட்டு. உடுப்பின் நடுக்கோட்டில் நடு நிற்க வேண்டும். மேல் ஓரம் கழுத்துத் தையலிலிருந்து சொன்ன தூரத்தில் நிற்க வேண்டும், உதாரணமாக 6 செ.மீ. அளவு மாறினாலும் இந்த இரண்டும் மாறாது. அப்படியானால் அசையாமல் நிற்க வேண்டியது எதிர் மூலை இல்லை, மேல்விளிம்பின் நடுப்புள்ளி. மாஸ்டர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து ஒரு வெட்டுத்துண்டில் நடுக்கோடு போட்டு, கழுத்திலிருந்து அளந்து ஒரு சின்னக் கோடு கிழித்து, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிவது மாதிரிக் கையால் காட்டினார். அந்தக் கை அசைவைத்தான் நாங்கள் அப்படியே எழுதினோம். நெஞ்சில் நடுவாக வைத்த ஆர்ட்வொர்க்கின் கீழ் மூலை எதைப் பிடித்து இழுத்தாலும் இப்போது இரண்டு பக்கமும் சமமாக விரியும், கீழே வளரும், மேல் ஓரம் அசையாது. கூடவே சீட்டில் மூன்று எண் ஓடும்: அகலம், உயரம், கழுத்திலிருந்து தூரம். அரை செ.மீ. அரை செ.மீ.-ஆக நிற்கும், ஆல்ட் அழுத்தினால் விடுபடும்.

முன்பு அந்தச் சீட்டே இல்லை. இருந்திருந்தால், அட்டவணை துள்ளிய அந்த நொடியில் 22 × 24 என்று ஒரு எண் அக்காவின் கண்ணுக்கு எதிரே வந்திருக்கும். இத்தனைக்கும் இது செய்வதற்கு மிகச் சுலபமான வேலை. நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. இப்போது இழுப்பை விட்ட பிறகும், அடுத்த கிளிக் வரை சீட்டு அங்கேயே நிற்கிறது.

டபிள்யூசிஏஜி 2.2-இல் இன்னொரு விதி உண்டு. இழுத்துச் செய்கிற எந்த வேலையையும் இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கும் மவுஸை அழுத்திப் பிடிக்க முடியாதவர்களுக்கும் அது இல்லாமல் முடியாது. அதற்காக அந்தச் சீட்டிலேயே எண்ணைத் தட்டச்சு செய்யும்படி வைத்தோம். ஒரு ஓரத் தேவைக்கு என்று வைத்ததை அக்கா முதல் நாளே தன் வழக்கமாக்கிக்கொண்டார்.

"பையர் மெயில்ல 22-ன்னுதானுங்க எழுதியிருக்குது. அதைய எதுக்குங்க இழுத்து இழுத்துப் புடிக்கோணும்?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். அளவு எண்ணாக வருகிற தொழிலில் கைப்பிடி இரண்டாம் வழிதான். இப்போது ஆர்ட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்ததுமே சீட்டு திறந்து, அகலத்தில் கர்சர் நிற்கிறது.

அதற்குப் பிறகு

ஒரு சீசன் ஓடியிருக்கிறது. முட்டைச் சூரியன் மாதிரி இன்னொன்று எங்கள் காதுக்கு வரவில்லை. ஆனால் பூட்டிய விகிதம் வேறு இடத்தில் இடித்தது. டிராக் பேன்ட் செய்யும் ஒரு கம்பெனியில், காலின் பக்கவாட்டில் ஓடும் வெற்றுப் பட்டையை ஆர்ட்வொர்க்காக வைக்கிறார்கள். அது சைஸுக்குச் சைஸ் நீண்டே ஆக வேண்டும், அகலம் மாறக் கூடாது. அங்கே நீட்டுவது விபத்து இல்லை, வேலை. நான் வாக்குவாதத்தில் அவ்வளவு உறுதியாகச் சொன்னது எல்லா ஆர்ட்வொர்க்குக்கும் பொருந்தவில்லை. படத்தை உள்ளே கொண்டுவரும்போதே நீளலாமா கூடாதா என்று குறிக்கும்படி செய்தோம், பட்டைக்கு நீளவாட்டில் இரண்டு கோட்டுக் காது வந்தது.

துணி போட்டோவின் வெட்டுக்கோட்டை இன்னமும் சிலர் பெரிதாக்கத்தான் இழுக்கிறார்கள். வெட்டிய பகுதி அழியாமல் மங்கலாகத் தெரிவதால் சேதம் இல்லை, ஆனாலும் வட்டமும் கோடும் வேறு வேறு என்பது பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் புரியும் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. கர்சரை மேலே கொண்டுபோனதும் வெட்டும் கத்தரி அடையாளம் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தீராமல் கிடப்பது ஒன்று உண்டு. அட்டவணையின் கட்டத்துக்குள்ளேயே லேபிள் படம் வைக்கிறார்கள். முதல் கிளிக் கட்டத்துக்குள் போக வேண்டுமா, படத்தைப் பிடிக்க வேண்டுமா? இப்போதைக்குப் படத்தைப் பிடிக்கிறது, கட்டத்துக்குப் போக டேப் விசை. படத்திலிருந்து வெளியே வர ஒரு எஸ்கேப், அட்டவணையிலிருந்து வர இன்னொன்று. அக்கா அந்த இரண்டாவது எஸ்கேப்பை மறந்துவிடுகிறார். அட்டவணைக்குள் இருந்துகொண்டே பக்கத்தை நகர்த்தப் பார்க்கிறார், நகரவில்லை என்று எங்களைக் கூப்பிடுகிறார். அடுத்த வாரம் மறுபடி அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறேன்.